ஈயக்குண்டில் பிசிறும் பொத்தலும்: வீட்டில் வார்த்த தூண்டில் குண்டுகளைச் சரிசெய்வது எப்படி

கடற்கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர்களுக்கு ஈயக்குண்டு தீராத செலவு. பாறை இடுக்கில் ஒன்று மாட்டும், கடலடியில் கிடக்கும் கிழிந்த வலையில் இன்னொன்று சிக்கும், தூண்டில் நரம்பு அறுந்து மூன்றாவது போகும். கொடுவா கிடைத்ததோ இல்லையோ, வீடு திரும்பும்போது பை மட்டும் லேசாகியிருக்கும். அதனால் எங்களில் பலர் பழைய ஈயத்தை வாங்கி, மாடியில் காய்ச்சி, இரண்டாகப் பிரியும் அலுமினிய அச்சில் ஊற்றி, நாங்களே குண்டு செய்துகொள்கிறோம்.

எப்படி ஊற்றுவது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. அச்சைத் திறந்ததும் கையில் வருகிற கோணல்மாணல்களை என்ன செய்வது என்றுதான் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. முகம் சுருங்கிய குண்டு, ஓரத்தில் தகடு நீட்டிய குண்டு, பாதி மட்டும் நிறைந்த குண்டு. ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் அரம் கொண்டு தேய்த்தே நேராக்கப் பார்த்தேன். அரத்தின் பல்லெல்லாம் அடைத்துக்கொண்டது, கை கறுத்தது, தரை முழுக்க ஈயத்தூள். குண்டு மட்டும் சரியாகவில்லை. பிறகுதான் புரிந்தது: கையால் திருத்த வேண்டிய இடங்கள் மூன்றே மூன்று. ஊற்றுவாயில் நிற்கும் வால், அச்சு சேரும் கோட்டில் வரும் பிசிறு, நரம்பு போகும் துளையின் விளிம்பு. மற்ற எந்தக் குறையானாலும் குண்டு திரும்பச் சட்டிக்குள் போக வேண்டும்; போவதற்கு முன் அது ஏன் அப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் வீடுகளில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். தூண்டிலுக்கு நாம் உருக்குவது காரீயம். இரண்டும் வேறு உலோகம். காரீயம் நஞ்சு. பாட்டியின் சொம்பில் இதை உருக்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகும், காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். ஈயம் உருகுவதற்குள் சொம்பு உருகி அடுப்புக்குள் போய்விடும்.

கை வைப்பதற்கு முன்

ஈயத்துக்கு இதுவரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உடலுக்குள் போனால் எலும்பில் குடியேறி, பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தொடும். ஆகவே குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்தப் பக்கமே வரக்கூடாது. நீங்கள் போட்டிருந்த சட்டை மற்ற துணிகளோடு சலவை இயந்திரத்துக்குள் போகக்கூடாது. வேலை முடியும் வரை டீ, முறுக்கு, பீடி எதுவும் வேண்டாம்.

பலர் ஆவியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஈயம் ஏறத்தாழ 480 டிகிரியைத் தாண்டும்போதுதான் ஆவி கணிசமாகக் கிளம்பும். நாம் வேலை செய்யும் 370, 400 டிகிரியில் அதைவிடப் பெரிய ஆபத்து தூள். சட்டியின் மேல் மிதக்கும் சாம்பல் நிறக் கசடும், தேய்க்கும்போது உதிரும் பொடியும் விரலில் ஒட்டி வாய்க்குப் போய்ச் சேருகின்றன. குறை திருத்தும் வேலை முழுவதும் தூளோடுதான் என்பதால் வார்க்கும்போது இருப்பதைவிடக் கூடுதல் கவனம் இங்கே வேண்டும். திறந்த வெளி, முதுகுப் பக்கமிருந்து அடிக்கும் காற்று, கண்ணை மூடும் கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய தோல் செருப்பு, உருக்கும்போது தோல் கையுறை. முகத்துக்கு, நுண்தூளைத் தடுக்கும் பி100 வடிகட்டி வைத்த முகமூடி. மருத்துவமனை முகமூடி இதற்கு ஆகாது.

இன்னொன்று தண்ணீர். உருகிய ஈயத்தின் மேல் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் சுர்ரென்று ஆவியாகிப் போய்விடும். அதே சொட்டு ஈயத்துக்கு அடியில் மாட்டினால் நொடியில் ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிந்து, மேலே இருக்கும் ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நினைத்த பிளாஸ்டர் அச்சில் ஊற்றினேன். சட்டையில் விழுந்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடி போட்டிருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படி 1: ஆறவிட்டு, பிரித்து, எடை போடுங்கள்

குண்டுகளை ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு வாலை முறித்தால், குறிப்பாக வண்டிச் சக்கரத்தில் ஒட்டும் எடையிலிருந்து எடுத்த ஈயமாக இருந்தால், அது வெட்டுப்படாமல் கிழியும். குண்டின் உடம்பிலிருந்தும் ஒரு துண்டைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஆறியதும் பகல் வெளிச்சத்தில் பரப்பி வைத்து மூன்று கூறாகப் பிரியுங்கள். அப்படியே போகலாம் என்பவை ஒரு பக்கம், வாலும் பிசிறும் மட்டும் எடுக்க வேண்டியவை ஒரு பக்கம், சட்டிக்குத் திரும்ப வேண்டியவை ஒரு பக்கம்.

அப்புறம் தராசு. நகை எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைத் தராசு வேண்டாம். ஒரே அச்சுக்குழியில், ஒரே சட்டி ஈயத்தில் வார்த்தவற்றின் எடை ஒரு கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். 90, 91, 90 என்று வந்துகொண்டிருக்கையில் ஒன்று மட்டும் 84 காட்டினால், வெளியே எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் உள்ளே பொத்தல் இருக்கிறது. அது காற்றில் நேராகப் போகாது, சுழன்றுகொண்டே போய் நரம்பை முறுக்கும். வேறு சட்டி ஈயத்தோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம். சுத்த ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆன்டிமனி என்ற உலோகம் கலந்த சக்கர ஈயம் அதைவிடக் கொஞ்சம் லேசு, எனவே அதே அச்சில் சில கிராம் குறைவது இயல்பு. ஆனால் 100 கிராம் வரவேண்டிய குழியில் 63, 64 கிராம் வந்தால் உங்களிடம் யாரோ துத்தநாகத்தை விற்றுவிட்டார்கள்.

படி 2: குறையைப் படியுங்கள்

மேலே தண்ணீர் ஓடிய தடம்போல மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் இருந்தால், பெரும்பாலும் அச்சு குளிர்ந்திருக்கிறது. ஈயம் சுவரைத் தொட்டதும் உறைந்து, அடுத்து வந்த ஈயம் அதோடு கலக்காமல் மேலே மடிந்துவிட்டது. அச்சை அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். முதல் நாலைந்து வார்ப்பு அச்சைச் சூடாக்கத்தான் என்று எடுத்துக்கொண்டு பார்க்காமலே சட்டிக்குள் போடுங்கள். அச்சு நன்றாகச் சூடேறிய பிறகும் சுருக்கம் போகவில்லையென்றால் காரணம் எண்ணெய். புது அச்சில் கடைசல் எண்ணெய் ஒட்டியிருக்கும். பழைய அச்சில், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கீல்களுக்கு நாமே விட்ட எண்ணெய் கசிந்து வந்திருக்கும். சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு அடுப்போரத்திலும் வைத்து ஈரம் துளியும் இல்லாமல் ஆக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் சோம்பல் கூடாது. ஏன் என்று மேலே சொல்லியாயிற்று.

மூலை நிரம்பாமல் மழுங்கியிருப்பது, கூம்பின் முனை இல்லாமல் போவது வேறு கதை. உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லை, அல்லது ஈயம் போதிய வேகத்தில் வரவில்லை. அச்சின் இரண்டு முகங்களிலும் மயிரிழைபோல ஓடும் காற்று வழிகளைப் பாருங்கள். கசடு அடைத்திருந்தால் மரக்குச்சியால் எடுங்கள். வழியே இல்லாத அச்சாக இருந்தால், கூர்முனையால் குழியிலிருந்து வெளிவிளிம்பு வரை மெல்லிய கீறல் ஒன்று போதும். ஆழமாகக் கீறிவிட்டால் அதன் வழியே ஈயம் புகுந்து புதுப் பிசிறு முளைக்கும். அடுத்த மருந்து புகைக்கரி. கண்மைக்குக் கரி பிடிப்பதுபோலக் கற்பூரத்தைக் கொளுத்தி அதன் புகையை அச்சுக்குழியில் மெல்லியதாகப் படியவிடுங்கள். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் அந்தக் கரி ஒரு போர்வை. ஈயம் மூலை வரை போய்ச் சேர அவகாசம் கிடைக்கும். மெழுகுவர்த்தியிலும் செய்கிறார்கள். ஆனால் மெழுகும் சேர்ந்து படிந்தால் மறுபடி சுருக்கம் வரும் என்பதால் எனக்குக் கற்பூரம்தான்.

இதற்கும் அசையாத அச்சுகள் உண்டு. அப்போது வெள்ளீயம் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்த்துப் பாருங்கள். ஈயத்தின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து நுணுக்கமான இடங்களிலும் நிறையும். கிலோவுக்கு 20 கிராம் வெள்ளீயம். மின்கம்பிகளைப் பற்றவைக்கும் பற்றாசு, வெள்ளீயம் 60க்கு ஈயம் 40 கலந்தது, இருந்தால் 33 கிராம் போட்டால் அதே கணக்கு வந்துவிடும்.

ஊற்றுவாய்க்குக் கீழே குழி விழுவதும் எடை குறைவதும் ஒரே நோயின் இரண்டு முகம். ஈயம் உறையும்போது ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு சுருங்கும். சுருங்குகிற இடத்துக்கு மேலேயிருந்து ஈயம் வந்து நிறைத்தால் சரி; ஊற்றுவாய் முதலில் உறைந்துவிட்டால் வரவழியில்லாமல் உள்ளே வெற்றிடம் நின்றுவிடும். குழி நிறைந்ததும் கரண்டியை எடுத்துவிடாதீர்கள். வாயில் ஈயம் குட்டையாகத் தேங்கும் வரை ஊற்றி, அது பளபளப்பு மங்கி உறைவதைக் கண்ணால் பார்த்த பிறகு அச்சைத் திறங்கள். சின்னக் கரண்டியால் இரண்டு தவணையாக ஊற்றினால் இந்தக் குறையும் வரும், நடுவில் ஒரு விரிசல் கோடும் வரும். பெரிய குண்டுக்குப் பெரிய கரண்டி.

மேற்பரப்பு பனி பூத்தாற்போல வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கிறதா? அச்சு அதிகச் சூடு. கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள், போதும். தூண்டில் குண்டுக்கு இது குறையே இல்லை. சாயம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அழகுக்காக இதை மறுபடி உருக்குவது கேஸ் வீண்.

பிசிறு மெல்லிய தாள்போல ஓரமெல்லாம் ஓடியிருந்தால் அச்சு முழுசாக மூடவில்லை. பெரும்பாலும் இரண்டு முகங்களுக்கு நடுவில் ஓர் ஈயப்பொட்டு ஒட்டியிருக்கும். அச்சு சூடாக இருக்கையிலேயே காய்ந்த மரக்குச்சியால் தள்ளினால் உருண்டு வந்துவிடும். கத்தியால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடு இனி ஒவ்வொரு குண்டிலும் இருக்கும். ஒரு பக்கம் மேலேறி மறுபக்கம் கீழிறங்கி, படிக்கட்டுபோல இணைப்புக்கோடு வந்தால் அச்சின் இரண்டு பாதியையும் நேராகச் சேர்த்துப் பிடிக்கும் ஊசிகள் தேய்ந்திருக்கின்றன. அதைத் தச்சர் கவ்வியால் இறுக்கிப் பிடித்து ஒப்பேற்றலாம், அச்சை மாற்றும் வரை.

கடைசியாக, குண்டு கேழ்வரகுக் கூழ் காய்ந்ததுபோலத் திட்டுத்திட்டாக, உதிர்கிற தன்மையோடு வந்தால் சட்டியில் துத்தநாகம் கலந்துவிட்டது. வண்டிச் சக்கரங்களில் ஒட்டும் எடைகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் நிறைய. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். சட்டியை 400க்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். தாண்டிவிட்டால் கரைந்துவிடும், கரைந்த பிறகு வீட்டில் பிரிக்கப் பார்ப்பது தலைவலிதான். அந்தச் சட்டி ஈயத்தைப் பழைய உலோகக் கடைக்கு விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். பேட்டரித் தகடுகளை எந்த நிலையிலும் உருக்காதீர்கள். அமிலத்தோடு ஆர்சனிக், ஆன்டிமனி, கால்சியம் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கசடில் ஈரம் பட்டாலே கொல்லக்கூடிய வாயு வரலாம்.

படி 3: வால்

விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றில் பழைய செய்தித்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். வேலை முழுவதும் அதற்கு மேலேதான். விழும் துகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பறக்காது.

வாலை வெட்டக் கட்டிங் பிளேயரைவிட, ஒரு பக்கம் தட்டையான நிப்பர் நல்லது. தட்டைப் பக்கத்தைக் குண்டோடு ஒட்டி வைத்து ஒரே அழுத்தில் வெட்டினால் மேடு நிற்காது. 100 கிராமுக்கு மேற்பட்ட குண்டில் வால் தடிமனாக இருக்கும். இரண்டு பக்கமும் பாதிப்பாதி வெட்டி, பிறகு முறியுங்கள். ஒரேயடியாக வெட்ட முயன்றால் நரம்பு கட்டக் குண்டில் பதித்திருக்கும் கம்பி வளையம் ஆடிவிடும்.

வெட்டிய வாய் கூராக இருந்தால், வழுவழுப்பான இரும்புக் கம்பியையோ பழைய கரண்டியின் முதுகையோ வைத்து அழுத்தித் தேயுங்கள். ஈயம் மெழுகுபோல நகரும், விளிம்பு உருண்டுவிடும். துகளே வராத வேலை இது. நான் அரத்தைத் தொடுவதே இப்போது அபூர்வம்.

படி 4: பிசிறு

விரல் நகத்தில் மடங்குகிற அளவு மெல்லிய பிசிறை வெட்ட வேண்டாம், சுரண்டினால் போதும். மழுங்கிய கத்தி ஒன்றை எடுத்து, அலகை குண்டின் மேல் செங்குத்தாக நிறுத்தி, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள். சுருள் சுருளாக வரும். பொடியாக உதிர்ந்தால் அழுத்தம் குறைவு, அல்லது கத்தி சாய்ந்திருக்கிறது.

ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பிசிறை நிப்பரால் நறுக்கி, மிச்சத்தை மேலே சொன்னதுபோல அழுத்தி விடுங்கள். பிசிறை அப்படியே மடித்து உடம்போடு ஒட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. நாலு முறை மணலில் இழுபட்டதும் அது எழுந்து நின்றுகொள்ளும், நரம்பை அறுக்கும்.

அரம் வேண்டியே ஆகும் என்றால் பெரிய பல் அரம், ஒற்றை வெட்டு. முதலில் பல்லெங்கும் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் ஈயம் அடைப்பது குறையும். முன்பக்கம் மட்டும் தள்ளுங்கள், மெதுவாக. உப்புத்தாள் வேண்டாம். சுழலும் எந்திரம் எதுவும் வேண்டவே வேண்டாம். கிரைண்டரில் ஈயத்தை வைத்தால் நீங்கள் சுவாசிக்கும் காற்றே ஈயமாகிவிடும்.

வளைந்து வந்த நீளக் குண்டை இரண்டு மரப்பலகைக்கு நடுவில் வைத்து உருட்டினால் நேராகும். தட்டிச் சரிசெய்ய வேண்டுமானால் மரச்சுத்தியல்.

படி 5: துளையும் வளையமும்

மீன் கையை விட்டுப் போவதற்கு எத்தனையோ காரணம் சொல்வோம். துளை விளிம்பில் இருக்கும் பிசிறு அதில் முக்கியமானது, கண்ணுக்கே தெரியாதது. நடுவில் துளையுள்ள ஓடுகுண்டில் நரம்பு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டே இருக்கும். விளிம்பு கூராக இருந்தால் வீசுவதற்குள்ளாகவே நரம்பு பாதி அறுந்திருக்கும்.

துளையைவிட இரண்டு மடங்கு தடிமனான துளையூசி (டிரில் பிட்) ஒன்றைக் கையில் பிடித்து, விளிம்பில் வைத்து இரண்டு மூன்று சுற்று மட்டும் திருகுங்கள். புனல்போல வாய் விரியும். மறுபக்கமும் அப்படியே. உள்ளே ஈயம் அடைத்திருந்தால் துளையின் அளவுக்கே உள்ள ஊசியைக் கையால் சுழற்றி எடுங்கள். மின்துளைப்பானில் மாட்டினால் ஈயம் சூடாகி ஊசியில் ஒட்டிக்கொண்டு உடைத்துவிடும். பிறகு ஒரு துண்டு பஞ்சை நரம்பில் கட்டித் துளைக்குள் இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கே இழை விடுகிறதோ அங்கே பிசிறு மிச்சமிருக்கிறது. இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால், தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ரீஃபில் குழாயைக் கழுவி, துளை நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிச் செருகிவிடலாம். நரம்பு ஈயத்தைத் தொடவே தொடாது.

வளையம் வைத்த குண்டில், வளையம் நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோணலாக நிற்பதை வளைத்து நேராக்க முயலாதீர்கள். ஈயம் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோடு ஒட்டாது; கம்பியின் வளைந்த நுனியை உள்ளே கவ்விப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டினால் பிடி தளரும். கோணல் வளையக் குண்டு சட்டிக்கு.

படி 6: சட்டிக்குத் திரும்புபவை

கழித்த குண்டுகளைச் சூட்டுச் சட்டியில் வீசாதீர்கள். அடுப்போரத்தில் வைத்துச் சூடாக்கி, ஒவ்வொன்றாகக் கரண்டியில் இறக்குங்கள். படி 3, 4இல் ஈரத்தாளில் சேர்ந்த துகள்களுக்குத் தனி விதி: தாளை உதறாமல் துகளை ஒரு டப்பாவில் சேர்த்து, பல நாள் காயவைத்து, அடுத்த முறை சட்டி குளிர்ந்திருக்கும்போதே அடியில் போட்டுத் தொடங்குங்கள். அடுப்பு ஏறிய பிறகு ஒருபோதும் போடக்கூடாது.

சட்டி வார்ப்பிரும்பு அல்லது தடித்த எஃகு. அலுமினியப் பாத்திரம் சூட்டில் வலுவிழந்து அடி விட்டுவிடும். வெப்பம் அளக்க, 500 டிகிரி வரை காட்டும் தண்டு வைத்த வெப்பமானியே நல்லது. தூரத்திலிருந்து ஒளி பாய்ச்சி அளக்கும் கருவிகள் பளபளக்கும் உலோகத்தில் மிகக் குறைவாகக் காட்டி ஏமாற்றும். அதை நம்பி அடுப்பை ஏற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன். சுத்த ஈயமாக இருந்தால் கசடை ஒதுக்கியவுடன் மேற்பரப்பில் பொன்மஞ்சளும் ஊதாவும் ஓடும். அதைக் கண்டால் தணலைக் குறையுங்கள்.

எல்லாம் உருகியதும் சுண்டைக்காய் அளவு தேன்மெழுகு போட்டுக் கிளறுங்கள். குப்பென்று தீப்பிடிக்கும், எதிர்பார்த்தே நில்லுங்கள். மெழுகின் கரி, ஆக்சைடாகிப் போன வெள்ளீயத்தையும் ஈயத்தையும் திரும்ப உலோகமாக்கும்; மண்ணும் கரியும் மேலே வரும். மேலே வந்ததை மூடியுள்ள தகர டப்பாவில் எடுத்து வையுங்கள். இந்த வேலையிலேயே நஞ்சு அதிகம் அந்தச் சாம்பல் பொடியில்தான். குப்பைத் தொட்டிக்கோ தென்னை மரத்தடிக்கோ போகக்கூடாது, உரிமம் பெற்ற ஈய மறுசுழற்சிக்காரரிடம் போக வேண்டும்.

படி 7: கழுவுதல், பூச்சு

பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே என்று தோன்றும். வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அமிலம். வினிகரில் ஈயம் கரைந்தால் கிடைப்பது நீரில் எளிதில் கரையும் ஒரு நச்சு உப்பு, அது உங்கள் கையிலும் தொட்டியிலும் தங்கும். தனி வாளியில் சோப்புத் தண்ணீர் போதும். சமையலறைத் தொட்டியில் அல்ல. ஈரப்பெட்டியில் கிடந்த பழைய குண்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஊதாமல், காய்ந்த துணியால் துடைக்காமல், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கசடு டப்பாவில் சேருங்கள்.

காய்ந்ததும் பூச்சு. எளிய வழி, ஒரு பிரைமர், அதன் மேல் எனாமல் இரண்டு கோட். உழைக்கிற வழி, பவுடர் பூச்சு: சூடுகாற்றுத் துப்பாக்கியால் குண்டை ஏறத்தாழ 175 டிகிரிக்குக் கொண்டுவந்து, பவுடரில் ஒரு நொடி முக்கி, தொங்கவிட்டு, சிறு மின்னடுப்பில் 200 டிகிரியில் கால் மணி நேரம். பவுடர் டப்பாவில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதையே கேளுங்கள். அந்த மின்னடுப்பில் இனி எந்நாளும் ரொட்டி சுடக்கூடாது. ஓர் எச்சரிக்கை: பற்றாசை நிறையப் போட்டு வார்த்த குண்டை இதில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 63, ஈயம் 37 என்ற கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டு விழுக்காடு சேர்த்ததற்கு அந்தப் பயமில்லை.

பூச்சு கையை ஈயத்திலிருந்து காக்கும். பறவையின் வயிற்றைக் காக்காது. நீர்ப்பறவைகள் இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும்போது சின்ன ஈயக்குண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. அரைவைப் பையில் பூச்சு தேய்ந்துபோகும். பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்துக்கொண்டிருந்ததால்தான் 1987இல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள தூண்டில் ஈயத்தின் விற்பனையைத் தடை செய்தார்கள். கனடா தன் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளை 1997இல் விலக்கியது. கூந்தன்குளத்துக்குப் பட்டைத்தலை வாத்துகள் வந்திறங்குகிற நாடு இது. ஏரியிலும் குளத்திலும் போடும் சின்னக் குண்டுகளை நான் வெள்ளீயத்தில்தான் வார்க்கிறேன். அடர்த்தி 7.3தான், கொஞ்சம் பெரிதாக இருக்கும், கெளுத்திக்கு அதெல்லாம் கண்ணில் படுவதில்லை. பிஸ்மத்தும் ஆகும்: 271 டிகிரியில் உருகும், உறையும்போது சுருங்காமல் விரியும், அதனால் பொத்தல் தொல்லையே கிடையாது. விலைதான் கையைக் கடிக்கும்.

படி 8: இழுத்துப் பாருங்கள்

வளையக் குண்டுகளுக்கு மட்டும் இது. வேகமாக வீசும்போது வளையம் கழன்றால் ஈயம் கடற்கரையில் நிற்கும் யார் தலையையும் தேடிப் போகும். சுவரில் உறுதியான கொக்கி ஒன்றில் குண்டின் வளையத்தை மாட்டி, குண்டின் உடம்பைக் கயிற்றுச் சுருக்கால் இறுக்கி, கீழே பத்து லிட்டர் வாளித் தண்ணீரைத் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம். வாளி அசையாமல் நின்றால் குண்டு பைக்குள் போகலாம். கம்பி ஒரு மயிரிழை வெளியே வந்திருந்தாலும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கம்பியைப் பிடுங்கி, அடுத்த காய்ச்சலுக்கு ஒதுக்கி வையுங்கள்.